நமக்கு ஜாஸ்தி

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். எனக்கு ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிப்பு இல்லை. எந்த இடத்தில் ஒற்றுப் போடவேண்டும், எந்த இடத்தில் போடக்கூடாது என்பது இன்றைக்கும் பிடிபடவில்லை. மறதி வேறு வந்துவிட்டது. போன வாரம் இந்தப் பத்திரிகையில், என் கல்யாணத்தன்று மழை கொட்டியது என்று எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு என் தம்பி திருவரங்குளத்திலிருந்து பஸ் ஏறி வந்து, "மழை பேஞ்சது ஒன் கல்யாணத்துக்கு இல்லக்கா, என் கல்யாணத்துக்கு. ஒன் கல்யாணத்துக்குப் பந்தல் தீப்பிடிச்சுச்சு" என்று சண்டை போட்டுவிட்டுப் போனான்.

அதனால் நான் எழுதுவதை முழுசாக நம்பிவிடாதீர்கள். ஆனால் இந்த வாரம் எழுதப்போகிற மோர் விஷயம் மட்டும் சத்தியம்.

காலியான மோர்ப்பானை

பங்குனி வெயில். எங்கள் வாசல் வேப்பமரத்தடியில், பள்ளிக்கூடத்திலிருந்து தூக்கிவந்த நாற்காலியில் மண் ஆபீசர் உட்கார்ந்திருந்தார். வெளுத்த தொப்பி. முழங்கால் வரைக்கும் செம்மண் அப்பிய பூட்ஸ். அவருக்குப் பின்னால், அவர் வழியில் கூலிக்குப் பிடித்துவந்த ஆட்கள், தரையில் துளை போடுகிற ஒரு நீளமான இரும்புத் தண்டை மரத்தில் சாய்த்துவிட்டு நின்றார்கள்.

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். கல்யாணமாகி வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தும், வேற்று ஆள் வாசலுக்கு வந்தால் எனக்குக் கதவுதான் முந்தானை.

குடிக்க ஏதாவது கொடுக்கச் சொல்லி மூத்தார் குரல் கொடுத்தார். மூத்தார் என்றால் எங்கள் வீட்டுக்காரரின் அண்ணன். தம்பி பெண்டாட்டியோடு அவர் நேரே பேசமாட்டார். கதவைப் பார்த்துச் சொல்வார். கதவு என்னிடம் சொன்னதாக நான் எடுத்துக்கொள்வேன்.

ஒரு சொம்பு மோர் கொடுத்தேன். ஆபீசர் ஒரு மடக்குக் குடித்தார். நிறுத்தினார். சொம்புக்குள் எட்டிப் பார்த்தார்.

"நமக்?" என்றார்.

மூத்தாருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. கதவுக்குச் சொன்னார். "பாத்தியா, 'நமக்கு'ங்கிறாரு. தனக்கு மட்டும்னு கேக்கல. ஆளுகளுக்கும் சேத்துக் கேக்குறாரு. எம்புட்டுப் பெரிய மனசு. இன்னுங் கொஞ்சம் கொண்டாரச் சொல்லு."

கொடுத்தேன். ஆபீசர் அதிலும் ஒரு மடக்குக் குடித்துவிட்டு மறுபடியும் "நமக், நமக்" என்றார். மறுபடியும் கொடுத்தேன். அவர் கேட்கக் கேட்க நான் கொடுக்க, காலையில் கடைந்த பானை கவிழ்ந்துவிட்டது. ஆட்கள் வயிறு முட்டக் குடித்துவிட்டு ஏப்பம் விட்டார்கள். ஆபீசர் மட்டும் கையில் சொம்போடு, பச்சைப் பிள்ளை அழப்போவது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து, கட்டை அவிழ்த்துக்கொண்ட கன்றுக்குட்டியைப் பிடிக்க மூத்தார் பின்பக்கம் ஓடினார். ஆபீசர் எழுந்து கதவுப் பக்கம் வந்தார். அவர் தூரத்திலேயே நின்று, மூன்று விரலைக் குவித்து, சொம்புக்கு மேலே தூவுவதுபோல் காட்டி, நாக்கு நுனியைத் தொட்டார்.

அட கடவுளே, உப்பு!

கொட்டாங்கச்சியில் உப்பு எடுத்துப் படியில் வைத்துவிட்டு உள்ளே ஓடிவிட்டேன். அவர் ஒரு கல்லை எடுத்துக் காட்டி, "நமக்" என்று சொல்லிச் சிரித்ததை இடுக்கு வழியாகப் பார்த்தேன்.

எங்கள் ஊரிலேயே அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரிந்த ஒரே ஆளாக நான் ஆனது இப்படித்தான். அதற்கு ஒரு பானை மோர் செலவு.

மனு வாங்குகிற ஐயா

கொஞ்சம் முன்னால் போகவேண்டும். ராஜா ஆட்சி போய், புதுக்கோட்டையைத் திருச்சி ஜில்லாவோடு சேர்த்துச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. எங்கள் ஊர் அரிமளத்துக்கும் அறந்தாங்கிக்கும் நடுவில், இரண்டு பக்கத்துக்கும் சொந்தமில்லாமல் கிடக்கிற ஊர். திடீரென்று ஒருநாள் மேல்கூரை போட்ட மோட்டார் வண்டி வந்தது. அதிலிருந்து இந்த ஆபீசர் இறங்கினார்.

அவர் ஐதராபாத்துப் பக்கம். அங்கே அந்தக் காலத்தில் பெரிய பெரிய படிப்பைக்கூட உருதுவிலேயே படித்தார்களாம். தமிழில் அவருக்கு மண், தண்ணி, வா, போ என்று நாலைந்து சொற்கள்தான். ஆனால் ஜாஸ்தி, கம்மி, பாக்கி, அசல், நகல் என்றெல்லாம் நாங்கள் பேசுவதைக் கேட்டு அவருக்கு ஒரே சந்தோஷம். தமிழ் என்பது உருதுவில் ஒரு கிளை என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

அவராவது பரவாயில்லை. எங்கள் கணக்குப்பிள்ளை, உருது என்பது தாலுகா ஆபீசில் ஒரு கிளை என்று நினைத்திருந்தார்.

"உருதுல என்னய்யா இருக்கு? ஜமாபந்தி, தாசில், அர்ஜி, ஆஜர், ஜப்தி, பாக்கி. நாப்பது வருசமா நான் பேசிக்கிட்டிருக்கிறது என்ன, தமிழா?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆபீசருக்கு முன்னால் போய் நின்றார். என்ன வேலையாக வந்திருக்கிறார் என்று கையாலேயே கேட்டார்.

ஆபீசர் நெஞ்சில் கை வைத்து, "அர்ஸி கீமியா" என்றார்.

கணக்குப்பிள்ளை ஊர்ப்பக்கம் திரும்பினார். "கேட்டுக்கங்க. அர்ஜின்னா மனு. கீ-ன்னா உடைய. மியான்னா ஐயா. அர்ஜி கீ மியா. மனு வாங்குற ஐயா வந்திருக்காக. வச்சிருக்கவுக எல்லாம் கொண்டாங்க."

கூட்டத்தில் ஒருவர், அரிமளத்தில் கடை வைத்திருந்த ராவுத்தரைப் பார்த்து, "நீங்களே கேட்டுச் சொல்லுங்களேன்" என்றார்.

ராவுத்தர் கையெடுத்துக் கும்பிட்டார். "எங்க வீட்ல பேசுறதும் ஒங்க வீட்ல பேசுற தமிழுதான்யா. உருது எனக்கு ஒரு எழுத்து தெரியாது."

"தெரியும், சொல்லமாட்டேங்கிறாரு" என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. தெரியாது என்று உண்மையைச் சொன்னவர் பொய்யர் ஆனார். தெரியும் என்றவர் பண்டிதர் ஆனார்.

மறுநாள் மனுக்கள் குவிந்தன. ஒருவருக்கு ஆடு காணோம். ஒருவருக்கு வேலித் தகராறு. ஓர் அம்மாளுக்கு ரங்கூனுக்குப் போன மகன் திரும்பி வரவேண்டும். ஆபீசர் ஒவ்வொரு காகிதத்தையும் இரண்டு கையாலும் வாங்கி, தலையைக் குனிந்து நன்றி சொல்லி, அதிலேயே ஒரு பிடி மண்ணை வைத்துப் பொட்டலம் கட்டி, நூல் சுற்றிப் பெட்டிக்குள் அடுக்கினார். மண் கட்டக் காகிதம் கொடுத்து உதவுகிற இப்படி ஓர் ஊரை அவர் அதுவரை பார்த்திருக்கமாட்டார்.

"மனுவையும் மண்ணையும் ஒண்ணாக் கட்டி மேலிடத்துக்கு அனுப்புறாரு. இனிமே எந்தப் பயலும் தள்ளுபடி பண்ண முடியாது" என்றார் கணக்குப்பிள்ளை.

இந்த அர்ஸி கீமியா என்னவென்று எனக்கு ரொம்பக் காலம் கழித்துத்தான் தெரிந்தது. என் மகள் வயிற்றுப் பேத்தி காலேஜில் படிக்கிறாள். கூடப் படிக்கிற உருதுக்காரப் பெண்ணிடம் கேட்டு வந்து சொன்னாள். அர்ஸ் என்றால் பூமியாம். கீமியா என்றால் ரசாயனமாம். மண்ணிலும் கல்லிலும் தண்ணீரிலும் என்னென்ன கலந்திருக்கிறது என்று பார்க்கிற படிப்பாம். மனுவுக்கும் பூமிக்கும் எழுத்து வேறு வேறாம், காதுக்கு மட்டும் ஒரே சத்தமாம்.

"தமிழில் என்னடி?" என்றேன்.

"புவி வேதியியல், அம்மாச்சி."

நல்லவேளை, ஆபீசருக்குத் தமிழ் தெரியவில்லை. அதை அன்றைக்குச் சொல்லியிருந்தால், யாரோ வேதியர் திவசம் பண்ணிவைக்க வந்திருக்கிறார் என்று பாதி ஊர் வாழைக்காய் தேடிப் போயிருக்கும். மீதிப் பாதி, வேதக்கோயில் கட்ட வந்த பாதிரியார் என்று, பழைய மாதா கோயில் இருக்கிற ஆவூர்ப் பக்கம் வழி காட்டி அனுப்பியிருக்கும்.

எல்லோரும் ஆஜர்

இன்னும் இரண்டைச் சொல்லிவிட்டுக் கதைக்கு வருகிறேன்.

ஆபீசர் ஒருநாள் குளத்தங்கரையில் நின்று, "நமூனா, நமூனா" என்று கையை நீட்டினார். நமூனா என்றால் தாலுகா ஆபீசில் அச்சடித்த பாரம். கணக்குப்பிள்ளை வீட்டுக்கு ஓடி, எத்தனை தினுசு பாரம் உண்டோ அத்தனையையும் அள்ளி வந்து பரப்பினார். ஆபீசர் அவற்றைத் தாண்டிப்போய், தானே ஒரு கை களிமண்ணைத் தோண்டி எடுத்து, "நமூனா" என்று காட்டினார். மாதிரிக்கு ஒரு பிடி மண் வேண்டும் என்பதைத்தான் கேட்டிருக்கிறார்.

"பாரம் தீந்துபோச்சுன்னா சர்க்காரு இப்ப மண்ணுலயே எழுதிக்கிறாக" என்று சமாளித்தார் கணக்குப்பிள்ளை.

இன்னொரு நாள் பாறை ஒன்றைச் சுத்தியலால் தட்டி, "ஹஜர்" என்றார். கல்லுக்கு அந்தப் பெயராம். சுற்றி நின்ற தலையாரி முதல் ஆடு மேய்க்கிறவர் வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு, "ஆஜருங்க, ஆஜருங்க" என்று வரிசையில் நின்றார்கள். ஆபீசர் அவர்களையும் பார்த்தார், பாறையையும் பார்த்தார். எதை உடைப்பது என்று யோசித்திருப்பார்.

பால் வந்த மண்

இனிமேல் எங்கள் வீட்டு விவகாரம்.

மாமனார் அந்த வருஷம்தான் காலமாகியிருந்தார். அண்ணன் தம்பி பங்கு பிரிக்கவேண்டும். இருந்தது ஊருக்குத் தெற்கே வானம் பார்த்த பூமி, நடுவில் ஒரு வரப்பு. கிழக்குக் கொல்லை, மேற்குக் கொல்லை. இரண்டிலும் கடலை போடுவோம், மழை பெய்தால் எடுப்போம். கிணறு கிடையாது. யார் எதை எடுத்தாலும் அதில் கிணறு வெட்டினால்தான் பிழைப்பு என்கிற நிலைமை.

எங்கள் பக்கம் மூத்தவன் பங்கு வைப்பான், இளையவன் முதலில் எடுப்பான். மூத்தவன் ஏமாற்றாமல் சமமாக வைக்கட்டும் என்பதற்காக முன்னோர்கள் பண்ணிய ஏற்பாடு. மூத்தார் கிழக்கு ஒரு பங்கு, மேற்கு ஒரு பங்கு என்று நாலு பேர் முன்னிலையில் சொல்லியும் விட்டார். எடுப்பதற்கு நாள் மட்டும் பார்க்கவேண்டியிருந்தது.

அதற்குள், எங்கள் வீட்டில் மோர் குடித்துவிட்டுப் போன மனு ஐயாவிடம் இரண்டு கொல்லையையும் காட்டிவிடலாம் என்று மூத்தாருக்கு ஆசை. ஊரே பின்னால் போனது. நானும் என் ஓரகத்தி செல்லாயி அக்காவும் வரப்போரம் நின்றோம். அக்கா மூத்தாரின் பெண்டாட்டி. என்னைவிட ஒரு சாண் உயரம், நாலு மடங்கு சத்தம்.

ஆட்கள் கிழக்குக் கொல்லையில் இரும்புத் தண்டைத் திருகி இறக்கி, ஆழத்திலிருந்து ஈரமண் எடுத்தார்கள். ஆபீசர் அதைக் கண்ணாடிக் குழாயில் போட்டு, தன் சீசாத் தண்ணீரை ஊற்றிக் குலுக்கித் தெளியவைத்தார். தெளிந்த நீரை இன்னொரு குழாயில் சாய்த்து, கறுப்புச் சீசா ஒன்றிலிருந்து ஒரு சொட்டு விட்டார்.

குழாய்க்குள் பால்!

வெள்ளை வெளேரென்று, திரிந்த பால் மாதிரி. கூட்டத்தில் ஒருத்தி குலவை போட்டுவிட்டாள். ஆபீசர் குழாயை வெயிலில் தூக்கிப் பார்த்து, நாக்கைச் சப்புக்கொட்டி, மூத்தார் தோளில் கை வைத்து, தலையை ஆட்டி ஆட்டிச் சொன்னார்.

"நமக் ஜாஸ்தி. பகுத் ஜாஸ்தி."

"நமக்கு ஜாஸ்திங்கிறாரு! நம்ம ஊருக்கே இதுலதான் ஜாஸ்தி வெளையுமாம்!" என்று கத்தினார் கணக்குப்பிள்ளை.

பிறகு மேற்குக் கொல்லை. அதே குழாய், அதே சொட்டு. ஏதோ கழுநீர் மாதிரி லேசாக மங்கியதோடு சரி. ஆபீசர் எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்து, "நமக் கம்மி" என்றார்.

"நமக்கு கம்மி" என்று கணக்குப்பிள்ளை துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னார். "சிரிக்கிறாரு பாருங்க. அம்புட்டுக் கேவலமான மண்ணு."

ஆபீசர் மோட்டார் வண்டியில் ஏறிப் போனார். அப்புறம் எங்கள் பக்கம் அவர் வரவே இல்லை.

அக்கா அழுதுகொண்டே வீடு வந்தாள். "பால் வந்த கொல்லைய எளையவுகளுக்கு எடுத்துக் குடுக்கப் போறோமே! இந்த மனுசனுக்கு வாயி அவசரம். ஒரு வாரம் கழிச்சுப் பங்கு வச்சா என்னவாம்? கெழக்கு மட்டும் எங்களுக்கு வரட்டும், எங்க ஆத்தா போட்ட சங்கிலிய வித்தாவது கெணறு வெட்டிப்புடுவேன்."

நான் அடுப்படிக்குப் போனேன்.

உப்பில்லாக் குழம்பு

அன்றைக்கு மத்தியானம் குழம்பில் வேண்டுமென்றே உப்புப் போடவில்லை. எனக்கு வாயால் சொல்லத் தெரியாததை எல்லாம் கையால்தான் சொல்வேன்.

எங்கள் வீட்டுக்காரர் ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்தார். "என்ன, உப்பு இல்ல?"

"நமக் இல்லங்க."

"நமக்கு இல்லாம வேற யாருக்கு எடுத்து வச்சிருக்க?"

"யாருக்கும் இல்லங்க. அந்த ஆபீசரு பாஷையில இதுக்குப் பேருதான் அது." உள்ளங்கையில் இருந்த உப்பைக் காட்டினேன். மோர் விஷயத்தையும் சொன்னேன்.

அவர் மெல்லுவதை நிறுத்திவிட்டார். "அப்ப கெழக்குல?"

"உப்பு ஜாஸ்தி. பாலாத் திரிஞ்சது அதுதாங்க."

"மேக்குல?"

"கம்மி."

அப்புறம் அந்த உப்பில்லாக் குழம்பை ஊற்றி ஊற்றிச் சாப்பிட்டார் பாருங்கள், கல்யாணமான நாளிலிருந்து அப்படி ருசித்து அவர் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

"மூத்தவுககிட்டச் சொல்லிருங்க" என்றேன்.

"சொன்னா அண்ணன் நம்பமாட்டாரு. பாலு மண்ண அமுக்கப் பாக்குறான்னு நெனப்பாரு. நான் மேக்கு எடுத்துக்கிறேன். ஒன் வேலையப் பாரு."

"அக்கா சங்கிலிய விக்கப் போறாகளாம்."

"ஒன் சங்கிலியா?" என்று கேட்டுவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

தம்பி என்றால் தம்பி

பங்கு எடுக்கிற நாள். வேப்பமரத்தடியில் கணக்குப்பிள்ளை, சாட்சிக்கு ராவுத்தர், ஊர்க்காரர்கள். மூத்தார் முகத்தில் ஈ ஆடவில்லை. அக்கா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள்.

எங்கள் வீட்டுக்காரர் எழுந்து தொண்டையைச் செருமினார். "மூத்தவுக நல்லா இருந்தாப் போதும். எனக்கு மேக்குக் கொல்லையே இருக்கட்டும்."

மூத்தார் ஓடிவந்து தம்பியைக் கட்டிக்கொண்டு விம்மினார். கணக்குப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தம்பின்னா இவன்ல தம்பி! பாலு மண்ண அண்ணனுக்கு விட்டுப்புட்டு, கழுவுன தண்ணிய தான் எடுத்துக்கிட்டான்யா!"

எங்கள் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அடக்கம் என்று ஊர் நினைத்தது. சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் குனிந்தார் என்பது கதவிடுக்கில் நின்ற எனக்குத் தெரிந்தது.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, கதவுக்குப் பின்னாலிருந்தே சொன்னேன். "அது உப்புங்க."

"யாரு பேசுறது?" என்றார் கணக்குப்பிள்ளை.

"நமக்குன்னா உப்புங்க. கெழக்கு மண்ணுல உப்பு ஜாஸ்தின்னுதான் அவுக சொன்னாக. கெணறு வெட்டாதீக."

கூட்டம் திரும்பி எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்தது. அவர் கதவைப் பார்த்த பார்வையில் கதவு எரிந்திருக்கவேண்டும்.

"அடியே!" என்று அக்கா பாய்ந்து வந்தாள். "ஒன் புருசன் மனசார விட்டுக் குடுத்தத ஒன்னால தாங்க முடியல, என்ன? எம் பங்குல உப்ப அள்ளிக் கொட்டுறியா?"

"அஞ்சாங்கிளாசு வரைக்கும் பொம்பளப்புள்ளையப் படிக்கவச்சா இப்பிடித்தான். எனக்கே உருது சொல்லித்தர வந்துருச்சு" என்றார் கணக்குப்பிள்ளை.

நான் கடைசியாக ராவுத்தரைப் பார்த்தேன். அந்த நல்ல மனிதர் தவித்துப்போனார். "எனக்குத் தெரியாது தாயி. நீ சொல்றது மெய்யாத்தான் இருக்கும். ஆனா தெரியாதத தெரியும்னு நான் எப்பிடிச் சொல்லுவேன்?"

"பாத்தீகளா, ராவுத்தருக்கே தெரியல!" என்று கூட்டம் கலைந்தது.

மாட்டுக்கு உருது தெரியாது

எங்கள் மேற்குக் கிணற்றில்தான் முதலில் தண்ணீர் வந்தது. இளநீர் மாதிரி இருந்தது. "விட்டுக் குடுத்த புண்ணியம்" என்று ஊர் அதற்கும் எங்கள் வீட்டுக்காரருக்கே மாலை போட்டது.

பிறகு அக்காவின் சங்கிலி போய், கிழக்குக் கிணறு ஆழம் போனது. ஊற்றுக் கண் திறந்த அன்று கொட்டும் மேளமும் வைத்தார்கள். முதல் வாய்க்குக் கணக்குப்பிள்ளை. குடித்தவர் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல், கன்னம் இரண்டும் உப்பிப்போய், கண்ணை உருட்டிக்கொண்டு நின்றார்.

ஒருவழியாக விழுங்கிவிட்டு, "மருந்துத் தண்ணி. ஒடம்புக்கு ரொம்ப நல்லது" என்றார்.

மூத்தார் நம்பிக்கையோடு மாட்டை ஓட்டி வந்தார். அது மூக்கை வைத்தது, தும்மியது, திரும்பிப் போய்விட்டது. மாட்டுக்கு உருது தெரியாது. உப்புத் தெரியும்.

சரி, இப்போதாவது நான் சொன்னது உண்மை என்று ஒருவர் சொல்வார் என்று காத்திருந்தேன். சொன்னார்கள். எப்படித் தெரியுமா?

"நல்லா இருந்த மண்ணு. பாலாச் சொரந்தத நம்ம கண்ணால பாத்தோம்ல? அவ உப்புன்னு சொன்னா, உப்பாப் போச்சு. கருநாக்குடா அவளுக்கு."

அன்றிலிருந்து யாராவது கிணற்றுக்கு வாஸ்து பார்த்தால் நான் அந்தத் தெருவில் நடக்கக்கூடாது. பாலுக்கு உறை ஊற்றினால் மூச்சு விடக்கூடாது. நாலு வார்த்தை பேசவே கூசுகிற எனக்கு, வாய்க்கு இவ்வளவு பெரிய பேர்.

ஒரு சொல் சொல்லு

ஆனி மாசம் இருக்கும். நெல்லுக்கு நாற்று விட்டுவிட்டு மேற்கில் நாங்கள் மாடு கட்டிக் கமலை இறைத்துக்கொண்டிருந்தோம். வரப்புக்கு அந்தப் பக்கம் பொட்டல். மூத்தார் அறந்தாங்கிப் பக்கம் கூலிக்குப் போக ஆரம்பித்திருந்தார்.

ஒருநாள் நான் வீட்டில் தனியாக இருந்தபோது அக்கா வந்தாள். சண்டைக்கு என்று நினைத்துக் கதவுப் பக்கம் போனேன். கையைப் பிடித்துவிட்டாள்.

"ஏடி, உப்புன்னு சொன்ன வாயிதான இது. அதே வாயால தித்திப்புன்னு ஒரு சொல்லு சொல்லிரு. எம் புள்ளைக கஞ்சிக்கு அந்தக் கெணறுதான்டி. வா, வந்து சொல்லு."

"அக்கா, அது என்னால வந்தது இல்லக்கா."

"எதால வந்ததா இருந்தா என்ன, சொல்றதுக்கு ஒனக்கு என்ன நட்டம்?"

இழுத்துக்கொண்டே போனாள். செய்தி பரவி, கிழக்குக் கிணற்று மேட்டில் ஊரே கூடிவிட்டது. எங்கள் வீட்டுக்காரரும் கமலையை நிறுத்திவிட்டு வந்து நின்றார். கணக்குப்பிள்ளை முன்வரிசையில். ராவுத்தர் ஓரமாக. மறைந்துகொள்ள ஒரு கதவுகூட இல்லாத வெட்டவெளி.

கிணற்றுக்குள் பார்த்து, "தித்திக்கட்டும்" என்றேன்.

வாளி இறங்கியது, ஏறியது. கணக்குப்பிள்ளை ருசி பார்த்தார். "சத்தம் பத்தல. இன்னொருக்கா."

சொன்னேன். வாளி இறங்கியது, ஏறியது. இந்தத் தடவை அக்காவே வாங்கிக் குடித்தாள். இவ்வளவு சத்தக்காரி, வாளியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சங்கிலி கிடந்த கழுத்தில் கறுப்பாக ஒரு தடம் மட்டும் இருந்தது.

அதைப் பார்த்ததும் எனக்குக் கூச்சம் விட்டுப்போய்விட்டது. எப்படி விட்டது என்று கேட்காதீர்கள். விட்டுப்போய்விட்டது.

"எல்லாரும் கேட்டுக்கங்க" என்றேன். என் குரலா என்று எனக்கே சந்தேகம். "எம் வாயில வந்தா பலிக்கும்னுதான கூட்டியாந்தீக? அப்ப இதையும் கேட்டுக்கங்க. எங்க மேக்குக் கெணத்துத் தண்ணி ரெண்டு கொல்லைக்கும் பாயும். பாதி எங்களுக்கு, பாதி அக்காவுக்கு."

"ஏய்!" என்று எங்கள் வீட்டுக்காரர் ஒரு எட்டு முன்னால் வைத்தார்.

"என்னங்க? எம் பேச்சு பலிக்காதுங்கிறீகளா?"

அவர் வாய் திறந்தது. அப்படியே நின்றது.

பலிக்காது என்று சொன்னால், எனக்குக் கருநாக்கு இல்லை என்று ஆகும். கருநாக்கு இல்லை என்றால், உப்பு முதலிலேயே மண்ணில் இருந்தது என்று ஆகும். அப்படியானால் தங்கமான தம்பி மேற்கை எப்படித் தேடி எடுத்தான் என்று நாலு பேர் கேட்பார்கள். அவ்வளவும் அவர் முகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடியதைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டார்.

"விழுந்துருச்சுய்யா வாக்கு" என்றார் கணக்குப்பிள்ளை. "இனி ஆண்டவனே வந்தாலும் மாத்த முடியாது. மடையத் தொறங்க."

ராவுத்தர் போய் மண்வெட்டியை எடுத்து, நடு வரப்பில் முதல் வெட்டு வெட்டினார். மூத்தார் இரண்டாவது வெட்டு.

அக்கா எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். எனக்கு நன்றி சொல்வாள் என்று நினைத்தீர்களானால் நீங்கள் அவளைப் பார்த்ததில்லை.

"ஒருநாள் விட்டு ஒருநாளா? அப்ப வெள்ளிக்கெழம மொறை எனக்கு. இப்பவே சொல்லிப்புட்டேன்" என்றாள்.

வெள்ளிக்கிழமை முறை அவளுக்குத்தான் போனது. சண்டை போட்டு வாங்கிக்கொண்டாள்.

உருது தெரிந்த வாசகர்கள் யாராவது இதைப் படித்தால், நான் எழுதியிருக்கிற சொற்களுக்கெல்லாம் அர்த்தம் சரிதானா என்று கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். ஹஜர், நமூனா எல்லாம் தப்பாக இருந்தால் பத்திரிகைக்கே எழுதுங்கள், திருத்திக்கொள்கிறேன். ஆனால் நமக் என்பதற்கு உப்பைத் தவிர வேறு அர்த்தம் ஏதாவது இருந்தால், தயவுசெய்து எனக்கு மட்டும் தனியாக ஒரு கார்டு போடுங்கள். இந்தப் பத்திரிகையை எங்கள் வீட்டில் கண்ணாடி போட்டுக்கொண்டு முதலில் படிப்பது எங்கள் வீட்டுக்காரர்தான். அந்த மடையை அடைக்க ஒரு நல்ல காரணம் கிடைக்குமா என்று இன்றைக்கும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.